சக்கர நாற்காலியிலிருந்தும் நடிக்கலாம்: தமிழ் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களே, தயாரிப்பாளர்களே,

உங்களில் ஒருவருடைய அலுவலகத்திலிருந்து சமீபத்தில் எனக்கு அழைப்பு வந்தது. புதுப்படம். இடைவேளைக்குப் பிறகு நாயகி விபத்தில் சிக்கிச் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறாள், மீதிக் கதை முழுக்க அப்படியே போகிறது என்றார்கள். நான் நாடகத்தில் நடிப்பவள், நானும் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு வந்தவள். இரண்டும் தெரிந்துதான் அழைத்திருந்தார்கள். ஆடிஷனுக்கு எப்போது வர வேண்டும் என்று கேட்டேன்.

"நடிக்கிறதுக்கு இல்ல மேடம், ஹீரோயின் ஃபிக்ஸ் பண்ணியாச்சு. நீங்க ஒரு ரெண்டு நாள் வந்து அவங்களுக்கு வீல்சேர் ஓட்டச் சொல்லிக் குடுத்தா போதும்."

அந்த வேடத்துக்கு எங்களைப் போன்ற யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ஷூட்டிங் என்றால் பன்னிரண்டு மணி நேரம் போகும், உங்கள் உடம்பு தாங்காது, இன்ஷூரன்ஸ் பிரச்சினை வரும், மார்க்கெட் இல்லாத முகத்தை வைத்துப் படத்தை விற்க முடியாது என்று வரிசையாகச் சொன்னார். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர்மீது எனக்கு வருத்தமில்லை. முடிவெடுத்தவர் அவர் அல்ல. ஆனால் அந்த முடிவை என்னால் பேசாமல் ஏற்க முடியவில்லை. இதே காரணங்களை வேறு வேறு அலுவலகங்களில் என் நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

உடம்பு தாங்காது என்பதற்கும், படம் எடுக்க முடியாது என்பதற்கும் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வேலை செய்து பதில் சொன்ன நடிகை ஒருவர் இருந்தார். சூசன் பீட்டர்ஸ். ஹாலிவுட் நடிகை. அவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

1921இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்தவர். இயற்பெயர் சுசான் கார்னஹன். சின்ன வயதிலேயே அப்பா விபத்தில் இறந்துவிட, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தார். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு வார்னர் பிரதர்ஸில் ஒப்பந்தம் கிடைத்தது. துண்டு துண்டாக வேடங்கள் கொடுத்துவிட்டு அவர்கள் கைவிட்டார்கள். பிறகு எம்ஜிஎம் என்ற பெரிய ஸ்டுடியோ எடுத்துக்கொண்டது.

1942இல் 'ரேண்டம் ஹார்வெஸ்ட்' வந்தது. ரொனால்ட் கோல்மன், கிரீர் கார்சன் என்று பெரிய நட்சத்திரங்கள். முதல் உலகப் போரில் நினைவை இழந்த ஒருவனின் கதை. அவனைக் காதலித்து, அவனோடு கல்யாணம் வரை வந்துவிடும் இளம்பெண் கிட்டியாகச் சூசன் வருவார். கல்யாணத்துக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கத் தேவாலயத்தில் இருக்கிறார்கள். ஒரு பாடல் ஒலிக்கும்போது அவன் முகம் எங்கோ போய்விடுகிறது. கிட்டி அதைக் கவனிக்கிறாள். இவன் மனதில் இருப்பது நான் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அந்தக் காட்சி மொத்தமும் சூசனுடைய கண்களிலும் உதட்டோரத்திலும்தான் நடக்கிறது. முடிந்தால் ஒருமுறை பாருங்கள். சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை அந்த வேடத்துக்குத்தான் கிடைத்தது. விருது 'மிஸஸ் மினிவர்' படத்துக்காகத் தெரசா ரைட்டுக்குப் போனது. சூசனுக்கு அப்போது 21 வயதுதான்.

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ஆண் நடிகர்கள் பலர் படையில் சேர்ந்துவிட்டார்கள். ஹாலிவுட்டும் போருக்காகப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தது. சூசனும் அந்த ஓட்டத்தில் இருந்தார். 1944இல் 'சாங் ஆஃப் ரஷ்யா'வில் ராபர்ட் டெய்லருக்கு ஜோடியாக, நாஜிப் படையெடுப்புக்கு ஆளாகும் சோவியத் கிராமத்துப் பெண்ணாக, பியானோ கலைஞராக நடித்தார். சோவியத் நாடு கூட்டாளியாக இருந்த நேரத்தில் அந்தப் படத்தைத் தட்டிக் கொடுத்தவர்கள், போர் முடிந்ததும் 1947இல் அதையே கம்யூனிசப் பிரச்சாரம் என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் நிறுத்தினார்கள். அது தனிக்கதை. அடுத்து, ராணுவத்தின் மகளிர் பிரிவில் சேரும் மூன்று பெண்களைப் பற்றிய 'கீப் யுவர் பவுடர் டிரை'. லானா டர்னர், லரைன் டே, சூசன் மூவரும் நாயகிகள். நடிகர் ரிச்சர்ட் குவைனை 1943இல் கல்யாணம் செய்துகொண்டார். எல்லாம் கூடி வந்த நேரம்.

1945 ஜனவரி 1. புத்தாண்டு நாள். சான் டியாகோ பக்கம் மலைப்பகுதியில் கணவரோடு வேட்டைக்குப் போயிருந்தார். துப்பாக்கியை எடுக்கும்போது அது தவறுதலாக வெடித்து, குண்டு வயிற்றில் பாய்ந்து தண்டுவடத்தில் தங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது வயது 23. பெண் சிப்பாயாக அவர் நடித்த அந்தப் படம் திரைக்கு வந்தது இதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தில் என் உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் படிக்கும்போது நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து என் தண்டுவடம் முறிந்தது. கால் போனதுதான் பெரிய இழப்பு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்களுக்குத் தெரியும், காலைவிடப் பெரிய கவலை சிறுநீரகம். சிறுநீர் வருவது தெரியாது, டியூப் வைத்துத்தான் எடுக்க வேண்டும். நேரம் தவறினால் கிருமி சேரும், காய்ச்சல் வரும், அது சிறுநீரகம் வரை போகும். அப்புறம் படுக்கைப் புண். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கொடுக்காவிட்டால் புண் வந்துவிடும். எனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க மறுவாழ்வுச் சிகிச்சை இருந்தது. சூசன் காலத்தில் அந்த மருத்துவமே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் டாக்டர் லுட்விக் குட்மன் தண்டுவடக் காயத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1944இல். அதற்கு முன்பு இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளைத் தாண்டவில்லை. கிருமித் தொற்றும் படுக்கைப் புண்ணுமே கொண்டுபோய்விடும்.

அந்தக் காலத்தில், அந்த உடம்போடு சூசன் மறுபடி நடிக்க வந்தார். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்கிறேன்.

எம்ஜிஎம்முக்குச் சக்கர நாற்காலி புதிதில்லை. மூத்த நடிகர் லயனல் பேரிமோர் 1938 முதல் அந்த நிறுவனத்தின் டாக்டர் கில்டேர் வரிசைப் படங்களில் டாக்டர் கில்லெஸ்பியாகச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வந்துகொண்டிருந்தார். அவருக்கு நிஜமாகவே நடக்க முடியாது. அவருக்கு ஏற்றபடி பாத்திரத்தை எழுதினார்கள், படம் மேல் படமாக ஓடியது. அந்த வரிசையில் 1942இல் வந்த ஒரு படத்தில் சூசனும் நடித்திருக்கிறார். ஆக, அந்த ஸ்டுடியோவுக்கு வழி தெரியும். ஆனால் புகழ்பெற்ற முதிய நடிகருக்குத் திறந்த வழி இளம்பெண்ணுக்குத் திறக்கவில்லை. பரிதாபப்பட வைக்கும் கதைகளையே அவரிடம் கொண்டுவந்தார்கள். அவர் வேண்டாம் என்றார், அந்த நிறுவனத்தை விட்டு வெளியே வந்தார்.

1948இல் கொலம்பியா நிறுவனம் அவரை நாயகியாகப் போட்டு 'தி சைன் ஆஃப் தி ராம்' என்ற படத்தை வெளியிட்டது. இயக்கம் ஜான் ஸ்டர்ஜஸ். கார்ன்வால் கடற்கரையில் ஒரு வீடு. மனைவியை இழந்தவரை மணந்துகொண்டு வந்த லீயா, அவருடைய பிள்ளைகளைக் கடலிலிருந்து காப்பாற்றப் போய்க் கால்கள் செயலிழந்தவள். கவிதை எழுதுபவள். ஊரே அவளைத் தெய்வமாகப் பார்க்கிறது. அவளோ பிள்ளைகளின் காதலையும் கல்யாணத்தையும் ஒவ்வொன்றாகக் கெடுத்து, அந்தக் குடும்பத்தைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருக்கிறாள். சூசன் அதில் கெட்டவள். அன்பாகப் பேசிக்கொண்டே நஞ்சு கலப்பவள். சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் என்றால் கண்ணீரும் தியாகமும் மட்டும்தான் என்று எழுதி எழுதிப் பழகிய உங்கள் வசனகர்த்தாக்களுக்கு அந்தப் படத்தை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

அந்தப் படத்தில் எனக்கு ஆறாத வருத்தமும் ஒன்று உண்டு. கடைசியில் லீயா தன் நாற்காலியை ஓட்டிக்கொண்டு போய்ப் பாறை விளிம்பிலிருந்து கடலுக்குள் விழுந்து சாகிறாள். நிஜமாகவே அந்த நாற்காலியில் வாழ்ந்துகொண்டிருந்த பெண்ணிடம், இத்தனை நாள் கழித்துக் கிடைத்த ஒரே கதாநாயகி வேடத்தில், இப்படியொரு முடிவைக் கொடுத்திருக்கிறார்கள். படம் பெரிதாகப் போகவில்லை. சினிமாவில் அவருக்கு அடுத்த வாய்ப்பும் வரவில்லை. அதே ஆண்டு மணமுறிவும் ஆனது. 1946இல் இருவரும் தத்தெடுத்த ஆண் குழந்தை ஒன்று இருந்தது.

சினிமா இல்லை என்றதும் அவர் வீட்டில் உட்காரவில்லை. மேடைக்குப் போனார். அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜரி'யில் லாராவாக நடித்தார். 'தி பாரெட்ஸ் ஆஃப் விம்போல் ஸ்ட்ரீட்' நாடகத்தில், நோயில் கிடந்த கவிஞர் எலிசபெத் பாரெட்டாக நடித்தார். இந்த நாடகங்களோடு ஊர் ஊராகப் போனார். ஊர் ஊராக நாடகம் போடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஊரிலும் முதல் கேள்வி மேடைக்கு எத்தனை படி என்பதுதான். இரண்டாவது கேள்வி கழிப்பறைக் கதவின் அகலம். வசனம், ஒத்திகை எல்லாம் அதற்கு அப்புறம்தான். 1949க்கும் 1951க்கும் நடுவில், சாய்தளம் என்று ஒன்று கட்ட வேண்டும் என எந்தச் சட்டமும் சொல்லாத காலத்தில், அவர் அதைச் செய்தார்.

1951இல் என்பிசி தொலைக்காட்சியில் 'மிஸ் சூசன்' தொடங்கியது. பிலடெல்பியாவிலிருந்து ஒளிபரப்பு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் கால் மணி நேரம். அவர் ஏற்றது வழக்கறிஞர் வேடம். சக்கர நாற்காலியில் இருக்கும், தொழில் செய்கிற வழக்கறிஞர். கவனியுங்கள், அது நேரலை. ரீடேக் கிடையாது, டப்பிங் கிடையாது. ஒவ்வொரு நாளும் புது வசனத்தை மனப்பாடம் செய்து, குறித்த நேரத்தில் கேமரா முன் வந்து, பிசிறில்லாமல் முடிக்க வேண்டும். இன்றைக்கு நம்முடைய சீரியல்களில் நடிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எப்படிப்பட்ட வேலை என்று சொல்வார்கள். சிறுநீரகத் தொற்றுக்கு இன்றிருக்கும் மருந்துகள் பாதிகூட இல்லாத காலத்தில், முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் மாதக்கணக்கில் இதைச் செய்தார். "உங்க உடம்பு தாங்காது" என்று என்னிடம் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான்.

அந்த ஆண்டு இறுதியில் உடல்நலம் கெட்டுத் தொடர் நின்றது. 1952 அக்டோபர் 23 அன்று கலிபோர்னியாவின் விசேலியாவில் சிறுநீரகத் தொற்றும் நிமோனியாவும் சேர்ந்து உயிரைக் கொண்டுபோயின. கடைசி நாட்களில் மனம் ஒடிந்து சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார். வயது 31. வேலை இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், சிறுநீரகம் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்காது. ஆனால் நடிக்கத் தெரிந்தவளுக்கு நடிக்க வழியில்லாத நாட்கள் எப்படிப் போகும் என்பதை நான் வாழ்ந்து அறிந்திருக்கிறேன்.

இப்போது உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

பன்னிரண்டு மணி நேரம் என்கிறீர்கள். நாயகிக்கு மைக்ரேன் என்றால் கால்ஷீட்டை மாற்றுகிறீர்கள். நாயகன் வேறு படத்துக்காகத் தாடி வளர்த்தால் மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். எங்களுக்குத் தேவை இடையிடையே படுத்துக்கொள்ள ஒரு கட்டில், நேரத்துக்குக் கழிப்பறை, அவ்வளவுதான். இன்ஷூரன்ஸ் பிரச்சினை என்றால் எந்த நிறுவனத்திடம் கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார்கள் என்று என்னிடம் யாருமே சொன்னதில்லை. கேட்காமலேயே சொல்லப்படும் காரணம் அது என்றுதான் நினைக்கிறேன். கேட்டிருந்தால் பதிலைக் காட்டுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

மார்க்கெட் விஷயம் உண்மையான கவலைதான், அதை நான் அலட்சியம் செய்யவில்லை. போடும் பணம் உங்களுடையது. ஆனால் போர்க் காலத்தில் ராணுவப் பயிற்சியின்போது நடந்த வெடிவிபத்தில் இரண்டு கைகளையும் இழந்த ஹரால்ட் ரஸ்ஸல், சினிமா நடிகரே அல்லாதவர், 1946இல் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தில் நடித்தார். படமும் பெரிய வெற்றி, ஒரே வேடத்துக்காக அவருக்கு இரண்டு ஆஸ்கரும் கிடைத்தன. அது அமெரிக்கா என்பீர்கள். சரி, நம் பக்கம் வருவோம். 1981இல் திருச்சி அருகே பஸ் விபத்தில் காலை இழந்தவர் சுதா சந்திரன். ஜெய்ப்பூர் செயற்கைக்கால் போட்டுக்கொண்டு மறுபடி மேடையேறிப் பரதம் ஆடினார். அவர் கதையை சிங்கீதம் சீனிவாசராவ் 'மயூரி' என்று தெலுங்கில் எடுத்தபோது, அவரையே நடிக்க வைத்தார். தேசிய விருதும் வந்தது. ஜனங்கள் பார்த்தார்கள். தமிழிலும் இந்தியிலும்கூடப் பார்த்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது?

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது எப்படி என்று வழிகாட்டு நெறிகளைச் சொல்லியிருக்கிறது. பழைய அச்சில் வார்த்த பாத்திரங்கள் வேண்டாம், அவர்களைப் பற்றிய படைப்பில் அவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ரெண்டு நாள் வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவது அந்த இடம் ஆகாது.

இன்னொன்றும் சொல்கிறேன். சொல்லிக் கொடுத்து வருவதும் பாதிதான். பார்ப்பவர்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, எங்களுக்குத் திரையில் உடனே தெரிந்துவிடும். நாயகி நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது தொடை அசைகிறது. குனிந்து எதையோ எடுக்கும்போது வயிற்றுத் தசை பிடிக்கிறது. எங்களுக்கு அங்கே பிடிப்பு இல்லை. ஒரு கையால் நாற்காலியைப் பற்றிக்கொண்டுதான் இன்னொரு கையை நீட்டுவோம். கோபத்தில் ஒருவரை விட்டு விலகிப் போவதுகூட எங்களுக்குச் சட்டென்று முடியாது. முதலில் பின்னுக்குத் தள்ளி, திரும்பி, அப்புறம்தான் போக வேண்டும். அந்த இரண்டு மூன்று நொடியில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதில் எவ்வளவு நடிப்பு இருக்கிறது தெரியுமா? அதை உங்கள் கேமராவுக்குத் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

ஆகவே கேட்கிறேன்.

சக்கர நாற்காலியில் வரும் பாத்திரம் உங்கள் கதையில் இருந்தால், வேறு யாரையும் ஒப்பந்தம் செய்வதற்கு முன்பு எங்களுக்கு ஆடிஷன் வையுங்கள். அந்த அறிவிப்பை வெளிப்படையாகப் போடுங்கள், நாங்கள் வந்து சேரக்கூடிய இடத்தில் வையுங்கள். மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத அலுவலகத்தில் வைக்கும் ஆடிஷன் எங்களுக்கு வைத்தது ஆகாது. நாங்கள் நன்றாக நடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், தாராளமாக ஏற்றுக்கொள்வோம். பார்க்காமலேயே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

நடிக்க அல்லாமல் ஆலோசனைக்காக அழைத்தால், முறையான ஒப்பந்தமும் சம்பளமும் டைட்டிலில் பெயரும் கொடுங்கள். கதை எழுதும்போதே அழையுங்கள், படப்பிடிப்புக்கு முந்தின வாரம் அல்ல. கால் நடந்துவிடும் கிளைமாக்ஸும், நாயகனுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று அவள் செத்துப்போகும் கிளைமாக்ஸும் எங்கள் வாழ்க்கையில் இல்லை என்பதை அப்போதே சொல்லிவிடுவோம்.

சாதாரண வேடங்களுக்கும் எங்களைக் கூப்பிடுங்கள். வங்கி மேலாளர், வக்கீல், வட்டிக்கு விடும் அத்தை, நாயகனைக் கண்டிக்கும் அக்கா என்று உங்கள் படங்களில் உட்கார்ந்தே பேசிவிட்டுப் போகும் பாத்திரங்கள் எத்தனையோ. அவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தால் கதையில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. படப்பிடிப்புத் தளத்தில் ஒரு சாய்தளம், நாற்காலி உள்ளே போகும் கழிப்பறை, வேலை நேரத்துக்கு நடுவே ஓய்வு, இந்த மூன்றையும் பட்ஜெட் போடும்போதே எழுதிவிடுங்கள்.

கடைசியாக, என்னை அழைத்த அலுவலகத்துக்கு. உங்கள் படப்பிடிப்பு இன்னும் தொடங்கவில்லை. நாயகி வேடத்தை மறுபடி யோசியுங்கள் என்பதே என் முதல் கோரிக்கை. அது முடியவே முடியாது என்றால், மறுவாழ்வு மையத்தில் நடக்கும் காட்சிகள் நிறைய இருப்பதாகச் சொன்னீர்கள். அங்கே வரும் மற்ற நோயாளிகள், நாயகிக்கு நாற்காலி பழக்கும் தோழி ஆகிய வேடங்களுக்காவது தண்டுவடப் பாதிப்புள்ள நடிகர்களைத் தேர்ந்தெடுங்கள். பெயர்கள் வேண்டுமென்றால் தருகிறேன், மேடை அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆடிஷன் தேதியையும் இடத்தையும் படப்பிடிப்பு தொடங்கும் முன் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
மேடை நடிகை ஒருத்தி